மரக்காளானை நுண்ணோக்கியில் அடையாளம் காண்பது எப்படி? இழையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பட்டுப்போன கிளையில் விசிறி விசிறியாக அடுக்கி நிற்கும் ஒரு காளானைப் பறித்து வருகிறீர்கள். மேலே பழுப்பும் சாம்பலும் வெள்ளையுமாகப் பட்டைகள், பட்டுத்துணி போல மெல்லிய ரோமம். படத்தோடு ஒப்பிட்டால் டிராமெட்டிஸ் வெர்சிகலர் மாதிரி இருக்கிறது. பக்கத்துக் கிளையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தால் அடியில் துளையே இல்லை, வழவழப்பாக இருக்கிறது. அப்படியானால் ஸ்டீரியமாக இருக்கலாம். இன்னொரு கிளையில் கிடைத்ததில் துளை இருக்கிறது, ஆனால் ஓரத்தில் லேசான ஊதா. அது டிரைகாப்டமாக இருக்கலாம். மூன்றும் மேலே பார்த்தால் உடன்பிறந்தவை போலத்தான் இருக்கும். உள்ளே போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கட்டுமானம்.

மரத்தில் வளரும் பூஞ்சைகளில் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். மீதிக்கு நுண்ணோக்கி வேண்டும். நுண்ணோக்கி வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் ஸ்போரை, அதாவது காளான் பரவுவதற்காக உதிர்க்கும் நுண்வித்தைத் தேடுகிறார்கள். தரையில் முளைக்கும் குடைக்காளானுக்கு அது சரி. மரக்காளானில் பாதி நேரம் ஸ்போரே கிடைக்காது: காய்ந்திருக்கும், பருவம் தப்பியிருக்கும், பூச்சி தின்றிருக்கும். ஆனால் காளானின் உடல் முழுக்க இழைகளால் ஆனது. அவை எங்கேயும் போய்விடாது. அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் இழை, பிறகுதான் ஸ்போர்.

மரத்தடியில் செய்ய வேண்டியவை

நுண்ணோக்கி சொல்லாத விஷயங்களை மரத்தடியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அகன்ற இலை மரமா, ஊசியிலை மரமா? உயிரோடு நிற்கும் மரமா, விழுந்த கட்டையா? காளான் பறித்த இடத்தில் மரம் எப்படி அழுகியிருக்கிறது? மரம் வெளுத்து, நார் நாராகப் பஞ்சுபோல் உரிந்தால் அது வெண்ணழுகல். மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினையும் பூஞ்சை சேர்த்துத் தின்றிருக்கிறது. பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தால் பழுப்பழுகல். செல்லுலோஸ் போய் லிக்னின் மிஞ்சியிருக்கிறது. இந்த ஒரு குறிப்பு பின்னால் பாதிப் பேரினங்களை வடிகட்டிவிடும். அதனால் காளானோடு ஒரு விரல் அளவு மரத்துண்டையும் வெட்டி எடுத்து வாருங்கள்.

துளையுள்ள காளான் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துளை என்று கைலென்ஸும் அளவுகோலும் வைத்து எண்ணுங்கள். படம் எடுக்கும்போது அடிப்பக்கத்தையும் குறுக்குவெட்டையும் மறக்க வேண்டாம். மேல்பக்கப் படம் மட்டும் இருந்தால் பெயர் வைக்க எந்தப் பிடியும் கிடைக்காது.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு துண்டைத் துளைப்பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடி ஸ்லைடின் மேல் வைத்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விடுவது. காலையில் ஸ்போர் படிந்திருந்தால் அதிர்ஷ்டம். மீதியை 40 முதல் 45 டிகிரி செல்சியஸில் காய வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டி வைத்தால் மறுநாள் நீங்கள் பார்ப்பது காளானை அல்ல, அதன் மேல் வளர்ந்த பூசணத்தை.

நுண்ணோக்கியும் அளவும்

40 மடங்கு லென்ஸும், எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸும் உள்ள சாதாரண ஆய்வக நுண்ணோக்கி போதும். 100 மடங்கு லென்ஸின் திறப்பெண் (லென்ஸின் மேல் NA என்று எழுதியிருக்கும் எண்) 1.25 என்றால் சுமார் 0.2 மைக்ரான் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கலாம். உருப்பெருக்கத்தை அதற்கு மேல் ஏற்றினால் படம் பெரிதாகுமே தவிர, விவரம் கூடாது.

கண்ணருகு லென்ஸுக்குள் போடும் அளவுகோல் கட்டாயம் வேண்டும். அதைத் தரப்படுத்த, 1 மில்லிமீட்டரை 100 பாகமாகப் பிரித்த ஸ்லைடு அளவுகோல் ஒன்றை இரவல் வாங்கினாலும் போதும். அதில் ஒரு பாகம் 10 மைக்ரான். 40 மடங்கில் பார்க்கும்போது கண்ணருகு அளவுகோலின் 40 கோடுகள் ஸ்லைடின் 10 பாகத்தோடு பொருந்தினால், 100 மைக்ரானை 40ஆல் வகுக்க வேண்டும்: ஒரு கோடு 2.5 மைக்ரான். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகச் செய்து, எண்ணை ஒரு சீட்டில் எழுதி நுண்ணோக்கியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வெளிச்சக் குறைப்பானைப் பலர் தொடுவதே இல்லை. சாயமேற்றாத இழையைப் பார்க்கும்போது அதைப் பாதிக்கு மூடுங்கள். கண்ணாடி போன்ற சுவர்கள் திடீரென்று கோடு போட்டதுபோல் எழும்பும்.

என்னென்ன கரைசல் வேண்டும்

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 3 முதல் 5 சதவீதம். இதை இனிமேல் கே.ஓ.எச். என்று சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ந்து சுருங்கிய திசுவை உப்ப வைத்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவது இதுதான். கூடவே ஒரு சதவீத ஃப்ளாக்சின் சாயம். உயிர்ப்பொருள் உள்ள இழையும், ஸ்போரைத் தாங்கும் செல்லான பசிடியமும் இளஞ்சிவப்பாகும். தடித்த சுவர் கொண்ட வெற்று இழைகள் நிறமேறாமல் நிற்கும். இந்த வேறுபாடு அடுத்த கட்டத்தில் மிகவும் உதவும். சுவர்களைத் தெளிவாகப் பார்க்க அம்மோனியாவில் கரைத்த காங்கோ ரெட்டும் நல்லது.

மெல்சர் கரைசல் இல்லாமல் இந்த வேலையில் நெடுந்தூரம் போக முடியாது. செக் நாட்டுக்காரரான மெல்சர் 1924இல் ருஸ்ஸுலா காளான்களின் ஸ்போர் மேற்பரப்பைக் காட்டுவதற்காக அறிமுகப்படுத்திய அயோடின் கலவை இது. பொதுவான அளவு: அயோடின் 0.5 கிராம், பொட்டாசியம் அயோடைடு 1.5 கிராம், குளோரல் ஹைட்ரேட் 22 கிராம், தண்ணீர் 20 மில்லி. குளோரல் ஹைட்ரேட் நச்சுப்பொருள், பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டதும்கூட. கிடைக்காதவர்கள் அது இல்லாத அயோடின் கரைசலான லூகோலை வைத்துக்கொள்ளலாம். நீல வினை அதில் தெரியும். சிவந்த பழுப்பு வினை மங்கலாகிவிடலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கடைசியாக லாக்டிக் அமிலத்தில் கரைத்த காட்டன் புளூ. ஸ்போரின் சுவரோ இழையின் சுவரோ இந்த நீலத்தை உறிஞ்சுகிறதா என்று பார்க்க.

கே.ஓ.எச். உள்ள ஸ்லைடில் மெல்சரை விடாதீர்கள்; காரம் அயோடினின் நிறத்தைக் கொன்றுவிடும். அயோடின் சோதனைக்கு எப்போதும் தனி ஸ்லைடு. லென்ஸின் நுனியில் காரம் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.

வெட்டுவது: பாதி வெற்றி இங்கேதான்

புதுச் சவரபிளேடு ஒன்று, இன்சுலின் ஊசி இரண்டு, பொறுமை. துளையுள்ள காளானில் துளைக்குழாய்களின் நீளவாக்கில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுங்கள். கைலென்ஸின் கீழ் வைத்து, பிளேடை அழுத்தாமல் இழுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்குச் சீவுங்கள். பத்துச் சீவல் சீவினால் இரண்டு நன்றாக வரும். எட்டைத் தூக்கிப் போடத் தயங்க வேண்டாம்.

காய்ந்த திசு தண்ணீரை ஏற்காமல் காற்றுக் குமிழியோடு மிதக்கும். முதலில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, அது ஊறியதும் கே.ஓ.எச். சொட்டு விடுங்கள். குமிழி அடங்கிவிடும்.

ஒரே இடத்தில் மட்டும் வெட்டினால் போதாது. குறைந்தது மூன்று இடம்: துளைக்குழாயின் சுவர், அதற்கு மேலே உள்ள சதை, தொப்பியின் மேல்தோல். சதையில் ஒரு வகை இழையும் குழாய்ச்சுவரில் இன்னொரு வகையும் இருக்கும் காளான்கள் உண்டு. சதையை மட்டும் சீவாமல் ஊசிகளால் பஞ்சு பிரிப்பதுபோல் பிரிக்க வேண்டும். சீவினால் இழைகள் அறுபட்டுத் துண்டு துண்டாகத் தெரியும். பிரித்தால்தான் ஓர் இழை எங்கே தொடங்கி எங்கே கிளைக்கிறது என்று பின்தொடர முடியும்.

கவர் ஸ்லிப்பை வைத்ததும் பென்சிலின் ரப்பர் முனையால் மெதுவாகத் தட்டுங்கள். திசு விசிறியாக விரியும்.

ஆஸ்கஸா, பசிடியமா?

முதல் பிரிவு இது, சீக்கிரம் முடிந்துவிடும். நீண்ட பைக்குள் பெரும்பாலும் எட்டு ஸ்போர் வரிசையாக இருந்தால் ஆஸ்கஸ். கதாயுதம் போன்ற செல்லின் தலையில் பொதுவாக நான்கு சிறு கொம்புகள், கொம்புக்கு ஒரு ஸ்போர் என்று வெளியே உட்கார்ந்திருந்தால் பசிடியம். கரிக்கட்டி போலக் கறுத்து உடையும் காளான்கள் பெரும்பாலும் முதல் வகை. அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

பசிடியத்துக்குள் தடுப்புச்சுவர் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். காது போன்ற ஆரிக்குலேரியாவில் பசிடியம் குறுக்கே அறை அறையாகத் தடுக்கப்பட்டிருக்கும். ட்ரெமெல்லாவில் தடுப்பு நீளவாக்கில் ஓடும். மேலிருந்து பார்த்தால் நான்காகக் கீறிய பழம் மாதிரி. டாக்ரிமைசிஸில் பசிடியம் இரண்டு கவையாகப் பிரிந்து இசைக்கவை போல நிற்கும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

இழையைப் படிப்பது

ஆங்கிலேயரான காரனர் 1932இல் ஒரு கடினமான மரக்காளானைப் பிரித்துப் பார்த்து, அதன் உடல் ஒரே மாதிரி இழையால் ஆனதல்ல என்று எழுதினார். அதிலிருந்து வந்ததுதான் இன்றுவரை நாம் பயன்படுத்தும் பகுப்பு. ஒரு வகை இழை மட்டும் இருந்தால் மோனோமிட்டிக், இரண்டு இருந்தால் டைமிட்டிக், மூன்றும் இருந்தால் டிரைமிட்டிக்.

மூன்று வகையையும் ஒரு கட்டடத்தை நினைத்துப் பார்த்தால் மறக்காது. முதலாவது ஆக்க இழை. இதுதான் உயிருள்ள வேலையாள். மெல்லிய சுவர், குறுக்குச்சுவர்கள், கிளைகள், உள்ளே சாயம் ஏற்கும் உயிர்ப்பொருள். மற்ற இரண்டும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. பசிடியமும் இதிலிருந்துதான். அதனால் எந்தக் காளானிலும் இது கட்டாயம் இருக்கும். இரண்டாவது சட்ட இழை. தடித்த சுவர், நீண்டு நேராக ஓடும், கிளையோ குறுக்குச்சுவரோ அநேகமாக இருக்காது. உள்ளே சுரங்கம்போல் மெல்லிய வெற்றிடம், சிலவற்றில் அதுவும் அடைபட்டிருக்கும். கட்டடத்துக்குள் ஓடும் கம்பி இது. மூன்றாவது கட்டும் இழை. தடித்த சுவர்தான், ஆனால் குட்டை. மான்கொம்பு போலவும் பவளம் போலவும் கிளைத்து, மற்ற இழைகளுக்குள் புகுந்து முடிச்சுப் போட்டுவிடும். கையால் கிழிக்க முடியாத காளான்களில் பலவற்றின் ரகசியம் இந்தக் கட்டும் இழைதான்.

ஃப்ளாக்சின் போட்ட ஸ்லைடில் இதைப் பார்ப்பது சுகம். கண்ணாடிக்குச்சிகளைக் கொட்டியதுபோல் நிறமில்லாத சட்ட இழைகள். நடுவில் அங்கங்கே இளஞ்சிவப்பு நூலாக ஆக்க இழை நெளிந்து போகும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போங்கள். குறுக்குச்சுவர் வரும் இடத்தில் நிறுத்தி, 100 மடங்கு லென்ஸுக்கு மாறுங்கள்.

இப்போது பார்க்க வேண்டியது கிளாம்ப். குறுக்குச்சுவரின் பக்கவாட்டில், இழை முழங்கையை மடக்கியதுபோல் ஒரு சின்ன வளைவுப் பாலம் இருக்கும். அதுதான் கிளாம்ப். செல் பிரியும்போது இரண்டு உட்கருக்களும் அடுத்த செல்லுக்குச் சரியாகப் போய்ச் சேர பூஞ்சை போட்டுக்கொள்ளும் பாலம். சில குடும்பங்களில் இது எல்லாக் குறுக்குச்சுவரிலும் இருக்கும், சிலவற்றில் ஒன்றில்கூட இருக்காது. அதனால்தான் மரக்காளான் அடையாளத் திறவுகோல்களில் பெரும்பாலும் முதல் பக்கக் கேள்வி இதுவாக இருக்கிறது.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று. பத்து நிமிடம் தேடிக் கிளாம்ப் கண்ணில் படவில்லை என்றால் "கிளாம்ப் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் சட்ட இழையாக இருந்திருக்கும். அதில் குறுக்குச்சுவரே இல்லாதபோது கிளாம்ப் எங்கிருந்து வரும்? கிளாம்ப் இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை எப்போது வருகிறதென்றால், கிளாம்ப் இல்லாத வெறும் குறுக்குச்சுவர்களை நீங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான். நான் இருபது சுவராவது எண்ணாமல் எழுதுவதில்லை. முதிர்ந்த காளானில் ஆக்க இழைகள் நசுங்கிப்போயிருக்கும். தேட வேண்டிய இடங்கள் இரண்டு: பசிடியத்தின் அடிக்கால், தொப்பியின் வளரும் வெளிறிய ஓரம். எங்கும் கிடைக்காத கிளாம்ப் அந்த இரண்டு இடத்தில் கிடைத்துவிடும்.

இழையை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள். டிராமெட்டிஸ், மூன்று வகை இழையும் உண்டு, ஆக்க இழையில் கிளாம்ப் உண்டு. மஞ்சள் அடுக்குகளாகக் கொழிக்கும் லேட்டிபோரஸ், ஆக்க இழையில் வெறும் குறுக்குச்சுவர், கூடவே கிளைத்த கட்டும் இழை. ஊசியிலை மரங்களின் வேரை அழிக்கும் ஹெட்டிரோபசிடியான், வெறும் குறுக்குச்சுவர், அயோடினில் சிவந்த பழுப்பாகும் சட்ட இழை. ஃபெல்லினஸ், இனோனோட்டஸ் வகையறாவில் கிளாம்ப் கிடையவே கிடையாது. கட்டையோடு ஒட்டித் தோல்போல் படர்ந்திருக்கும் ஃபனரோகீட்டே ஒரு வேடிக்கை: பெரும்பாலும் வெறும் சுவர்கள், திடீரென்று அடிப்பகுதியின் தடித்த இழையில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று கிளாம்ப்.

கே.ஓ.எச். சொட்டும், கறுத்த ஈட்டிகளும்

துருப்பிடித்த பழுப்பில் உள்ள காளான் கிடைத்தால் ஸ்லைடு போடுவதற்கு முன்பே சதையில் ஒரு சொட்டு கே.ஓ.எச். விடுங்கள். சொட்டு விழுந்த இடம் கண் முன்னாலேயே மையூற்றியதுபோல் கறுத்து, கறுப்பாகவே நின்றுவிட்டால் அது ஹைமனோகீட்டே குடும்பமாக இருக்க நிறைய வாய்ப்பு. ஃபெல்லினஸ், இனோனோட்டஸ், ஹைமனோகீட்டே எல்லாம் இதில் அடக்கம்.

பிறகு குழாயின் நீளவெட்டைப் பாருங்கள். வெளிறிய பசிடியங்களுக்கு நடுவே, அடி பருத்து நுனி கூர்ந்த, தடித்த சுவருள்ள கரும்பழுப்பு ஈட்டிகள் துருத்திக்கொண்டிருக்கும். இவற்றை சீட்டா என்பார்கள். 10 மடங்கு லென்ஸிலேயே தெரிந்துவிடும். நேராக இருக்கின்றனவா, நுனி கொக்கியாக வளைந்திருக்கிறதா, எவ்வளவு நீளம் என்று அளந்துகொள்ளுங்கள். சீட்டா இல்லாத இனங்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு, அதனால் காணவில்லை என்பதற்காக மட்டும் குடும்பத்தை மாற்ற வேண்டாம். கறுப்பு வினையும் கிளாம்ப் இல்லாமையும் சேர்ந்தே சாட்சி சொல்கின்றன.

மற்ற காளான்களில் இந்த இடத்தில் சிஸ்டிடியம் என்ற மலட்டுச் செல்கள் இருக்கலாம். டிரைகாப்டத்தில் அவற்றின் நுனியில் மட்டும் படிகத் தொப்பி. பெனியோஃபோராவில் தடித்த சுவரோடு மேல்பாதி முழுக்கப் படிகம் பூசியிருக்கும், சர்க்கரையில் தோய்த்த மாதிரி. இந்தப் பூச்சுகளில் சில கே.ஓ.எச்.சில் கரைந்துபோகும். அதனால் படிகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் வெறும் தண்ணீரில் ஒரு ஸ்லைடு போட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

ஸ்போர்: யாருடையது என்பதுதான் முதல் கேள்வி

ஒரு சமயம் வெள்ளைக் காளான் ஒன்றைச் சீவிப் பார்த்தேன். ஸ்லைடு முழுக்கப் பழுப்பு ஸ்போர், இரட்டைச் சுவர், ஒரு முனை வெட்டிவிட்டாற்போல். கானோடெர்மாவின் ஸ்போர் அப்படியே. வெள்ளைச் சதையுள்ள கானோடெர்மா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பறித்த இடத்தின் படத்தைப் பார்த்தால், அதே கட்டையில் ஒரு முழம் கீழே பெரிய கானோடெர்மா ஒன்று கொக்கோப் பொடி தூவியதுபோல் சுற்றுவட்டாரம் முழுக்கத் தன் ஸ்போரைக் கொட்டி வைத்திருந்தது. என் வெள்ளைக் காளானின் சொந்த ஸ்போர்கள் நிறமில்லாமல் சின்னதாக, அந்தக் கூட்டத்துக்கு நடுவே கண்ணில் படாமல் கிடந்தன.

அதிலிருந்து வைத்துக்கொண்ட விதி: பசிடியத்தின் கொம்பில் ஒட்டியபடி ஒன்றையாவது பார்த்தால்தான் அது இந்தக் காளானின் ஸ்போர். அது முடியாதபோது, ஸ்போரின் ஒரு முனையில் கொம்பிலிருந்து பிரிந்த சிறு மூக்கு இருக்கிறதா, ஒரே மாதிரியானவை நிறைய இருக்கின்றனவா என்று பாருங்கள். இரவு முழுக்க ஸ்லைடில் விழவைத்த ஸ்போர் இருந்தால் இந்தச் சந்தேகமே வராது. அவை முதிர்ந்தவையும்கூட. திசுவுக்குள் கிடப்பவற்றில் பாதி வளராத குட்டிகள், அளவைக் கெடுக்கும்.

முப்பது ஸ்போர் அளங்கள். மூக்கைச் சேர்க்காமல் நீளம், அதற்குக் குறுக்கே அகலம். படுத்திருப்பவற்றை மட்டும் அளக்க வேண்டும். செங்குத்தாக நிற்பது உருண்டையாகத் தெரிந்து ஏமாற்றும். எந்தக் கரைசலில் அளந்தீர்கள் என்று எழுதுங்கள், கே.ஓ.எச்.சில் ஸ்போர் சற்று உப்பும். நீளத்தை அகலத்தால் வகுத்த எண்ணை கியூ என்பார்கள். 1க்கு மிக அருகில் உருண்டை, 1.5 ஒட்டி முட்டை வடிவம், 3ஐத் தாண்டினால் குச்சி. கியூ பெரிதாக இருந்து ஸ்போர் லேசாக வளைந்தும் இருந்தால் குடல் வடிவம் என்பது வழக்கு. டிராமெட்டிஸ் வெர்சிகலர் ஸ்போர் ஏறத்தாழ 5–6 × 1.5–2 மைக்ரான். அதாவது 100 மடங்கு லென்ஸிலும் சின்னக் கீற்றுத்தான். அகலத்தில் அரை மைக்ரான் பிசகினால் கியூ தலைகீழாகும், நிதானமாக அளக்க வேண்டும்.

பிறகு மெல்சர். புதுத் துண்டு, புது ஸ்லைடு. மூன்றில் ஒன்று நடக்கும். நீலம் அல்லது நீலக்கறுப்பு வந்தால் அமிலாய்டு. சிவந்த பழுப்பு வந்தால் டெக்ஸ்ட்ரினாய்டு. இரண்டும் இல்லாமல் கரைசலின் மஞ்சளிலேயே நின்றால் வினை இல்லை. தனி ஸ்போரில் நீலம் மிக மங்கலாக இருக்கும். ஸ்போர்கள் கும்பலாகக் கிடக்கும் இடத்தைக் குறைந்த உருப்பெருக்கத்தில், நீல வடிகட்டியை எடுத்துவிட்டுப் பாருங்கள். நுண்ணோக்கியின் நீலக் கண்ணாடியை எடுக்க மறந்து எல்லாவற்றையும் அமிலாய்டு என்று எழுதியவர்களும் உண்டு. பழைய மெல்சரின் மேல் சந்தேகம் வந்தால் துளி ஸ்டார்ச்சில் விட்டுப் பாருங்கள். கறுநீலம் ஆகாவிட்டால் புதிதாகக் கலக்க வேண்டியதுதான்.

வினையோடு சேர்த்துச் சுவரையும் பார்க்க வேண்டும். ஸ்டீரியம்: வழவழப்பான மெல்லிய சுவர், அமிலாய்டு. பொண்டார்சேவியா: அமிலாய்டு, ஆனால் சுவரில் மேடுமேடாக வரப்புகள். பெரென்னிபோரியா: தடித்த சுவர், பல இனங்களில் ஒரு முனை தட்டை, டெக்ஸ்ட்ரினாய்டாகும் இனங்கள் நிறைய. கட்டடங்களின் மரச்சட்டங்களைத் தின்னும் செர்புலா லாக்ரிமன்ஸ்: மஞ்சட்பழுப்பு, தடித்த சுவர், காட்டன் புளூவை உறிஞ்சும். கானோடெர்மாவின் இரட்டைச் சுவரைப் பார்க்க எண்ணெய் லென்ஸை மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள்: ஒரு குவியத்தில் வழவழப்பான வெளிச்சுவர், அடுத்த குவியத்தில் புள்ளி புள்ளியாக உட்சுவரிலிருந்து எழும் சிறு தூண்கள். அதன் நெருங்கிய உறவான அமௌரோடெர்மாவிலும் இரட்டைச் சுவர்தான், ஆனால் ஸ்போர் உருண்டை, வெட்டுப்பட்ட முனை கிடையாது.

கரிக்கட்டிக் காளான்கள்

ஸைலேரியா, டால்டினியா, ஹைப்பாக்ஸிலான் எல்லாம் ஆஸ்கஸ் வகை. கறுத்த ஓட்டுக்குள் குண்டூசித் தலை அளவில் சிறு அறைகள் இருக்கும். அதிலிருந்து கொழகொழவென்று வரும் பொருளை ஊசியால் எடுத்து நசுக்கினால் ஆஸ்கஸ் கிடைக்கும். மெல்சர் விட்டால் ஆஸ்கஸின் நுனியில் மூடிபோல ஒரு சிறு நீல வளையம் பளிச்சென்று தெரியும். ஸ்போர் பழுப்பு அல்லது கறுப்பு, ஒரு பக்கம் நீளவாக்கில் கீறல் போன்ற முளைப்பிளவு. அந்தப் பிளவு நேரா, சாய்வா, முழுநீளமா, பாதியா என்பது இனம் பிரிக்க உதவும்.

ஹைப்பாக்ஸிலானுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. ஓட்டுச் சில்லு ஒன்றை வெள்ளைத் தட்டில் வைத்து 10 சதவீத கே.ஓ.எச். விட, ஆரஞ்சோ பச்சையோ ஊதாவோ நிறம் கசிந்து வரும். எந்த நிறம் என்பது இனத்துக்கு இனம் மாறும். இந்த 10 சதவீதத்தை ஸ்போரிலும் விட்டுப் பாருங்கள். டால்டினியாவில் வெளித்தோல் சட்டையைக் கழற்றுவதுபோல் கழன்று மிதக்கும்.

பெயர் வைக்கும் நேரம்

முதலில் சொன்ன மூன்று விசிறிகளுக்குத் திரும்புவோம். முதலாவதில் குழாய்ச்சுவரைப் பிரித்தால் ஆக்க இழையில் கிளாம்ப், கண்ணாடிக்குச்சிச் சட்ட இழை, பவளமாகக் கிளைத்த கட்டும் இழை. ஸ்போர் சற்று வளைந்த குச்சி, மெல்சரில் அசையவில்லை. டிராமெட்டிஸ். இரண்டாவதில் ஆக்க இழையில் வெறும் குறுக்குச்சுவர். ஹைமீனியம் வரை, அதாவது பசிடியங்கள் நிற்கும் அடுக்கு வரை எழும்பி வரும் தடித்த சுவர்ச் செல்கள். ஸ்போர் மெல்சரில் நீலம். ஸ்டீரியம். மூன்றாவதில் கிளாம்ப் உண்டு, சட்ட இழை உண்டு, சிஸ்டிடிய நுனிகளில் படிகத் தொப்பி. டிரைகாப்டம், ஊசியிலை மரமா அகன்ற இலை மரமா என்று அன்றைக்கு எழுதி வைத்த குறிப்பு இப்போது இனத்தை நெருங்க உதவும்.

பேரினத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய காளான்களும் உண்டு. கானோடெர்மா அதில் முதல் ஆள். லூசிடம் என்ற பெயர் 1781இல் இங்கிலாந்தில் கிடைத்த காளானுக்கு வைத்தது. பின்னால் உலகெங்கும் பளபளக்கும் தொப்பியுள்ள எதையும் அந்தப் பெயரால் அழைத்துவிட்டார்கள். கிழக்காசியாவில் மருந்துக்காக வளர்க்கும் காளான் 2012இல்தான் லிங்ஷி என்ற தனி இனமாக விவரிக்கப்பட்டது. ஸ்போரின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் இப்படிப்பட்ட கூட்டங்களில் டி.என்.ஏ. வரிசையைப் பார்க்காமல் இனப்பெயர் எழுதுவது வெறும் துணிச்சல். "கானோடெர்மா, இனம் தெரியவில்லை" என்று எழுதிய சீட்டில் அளவுகள் எல்லாம் சரியாக இருந்தால் அது தவறான பெயரைவிட எவ்வளவோ மேல்.

சீட்டில் இருக்க வேண்டியவை: தேதி, இடம், மரம், அழுகல் வகை, இழை அமைப்பு சதையிலும் குழாயிலும் தனித்தனியாக, கிளாம்ப் உண்டா இல்லையா, சிஸ்டிடியமும் சீட்டாவும், முப்பது ஸ்போரின் அளவு, கியூ, கே.ஓ.எச்., மெல்சர், காட்டன் புளூ மூன்றின் விடை. பார்க்காததை "பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள். "இல்லை" என்று எழுதினால் ஐந்து வருடம் கழித்து அதே காளானை எடுக்கும்போது நீங்களே ஏமாந்துபோவீர்கள். காகித உறையில் போட்டு, பூச்சி சாக ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்து, ஸ்போர் விழுந்த ஸ்லைடையும் அந்த மரத்துண்டையும் அதே உறைக்குள் சேர்த்து வையுங்கள்.